பதினான்கு டெமோ

"சார், பாப்பாவுக்கு டெமோ கிளாஸ் ஆறு மணிக்கு வைக்கட்டுமா, ஏழு மணிக்கா?" என்று போனில் ஒரு பெண் குரல் குழைந்தபோது, ரிஜெக்ட் சார் விரித்த குடையோடு தொழிற்சாலை நடுவே நின்றிருந்தார். காலையிலிருந்து அது பதினோராவது போன்.

குடைத் தொழிற்சாலையில் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. ஒவ்வொரு குடையையும் பத்து தடவை விரிப்பார், பத்து தடவை மடக்குவார். ஒரு கம்பி லேசாக முனகினால்கூட, "ரிஜெக்ட்!" என்று சிவப்புப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயரை ஊரே மறந்து இருபது வருஷமாகிறது.

அப்பேர்ப்பட்டவரின் மகள் கணக்கில் கோட்டை விட்டுக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிப் பரீட்சையில் தேறாவிட்டால் மறுபடியும் ஏழாம் வகுப்புதான். தோழிகள் எட்டாம் வகுப்புக்குப் போக, இவள் மட்டும் பழைய பெஞ்சிலேயே உட்கார வேண்டியிருக்கும்.

"ஏதாவது ஒரு ஆன்லைன் டியூஷன்ல சேர்த்துவிடுங்களேன்" என்றாள் மனைவி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையைக் கவனிப்பவள்.

"ஏதாவது ஒண்ணா? குடைக்கே பத்து தடவை பார்க்கறவன் நான். பெத்த பொண்ணுக்குப் பார்க்க மாட்டேனா?"

ஒரே மூச்சில் ஒன்பது நிறுவனங்களில் தன் நம்பரைப் பதிந்தார். எல்லாருமே முதல் வகுப்பு இலவசம் என்றார்கள். அன்றோடு அவருடைய நிம்மதி போனது.

முதல் டெமோவுக்கு நோட்டும் பேனாவுமாக மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டே நிமிஷத்தில் அடுத்த நிறுவனத்திலிருந்து போன். பாடம் கெடக்கூடாதென்று பால்கனிக்குப் போனார். பேசி முடித்துத் திரும்பியபோது, "தேங்க் யூ மிஸ்" என்று மகள் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லாத்தான் சொல்லித் தந்தாங்கப்பா. ஆனா..."

"ஆனா?"

"நிமிஷத்துக்கு நாலு தடவை 'ஓகேவா, ஓகேவா'ன்னு கேக்கறாங்க."

"ரிஜெக்ட்!"

ஒவ்வொரு டெமோவிலும் இப்படியே போன் வர, அவர் பால்கனிக்குப் போக வேண்டியதாயிற்று. அடுத்தவர் பேனா மூடியைக் கடித்தாராம். "கணக்கு வாத்தியாருக்கே பொறுமை இல்லைன்னா எப்படி? ரிஜெக்ட்!" அதற்கடுத்த டீச்சரின் மடியில் ஒரு பூனை. "பூனையைப் பார்ப்பாங்களா, பொண்ணைப் பார்ப்பாங்களா? ரிஜெக்ட்!"

குடையைக் கழித்தால் அது பேசாமல் பெட்டியில் கிடக்கும். டியூஷன்காரர்கள் கிடப்பார்களா? "சீனியர் டீச்சர் தர்றோம் சார், இன்னொரு டெமோ பாருங்க" என்று இரட்டிப்பாய்த் துரத்தினார்கள்.

தப்பிக்க வழி தேடி, மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய் சொன்னார். மூன்று வேளையும் போன் செய்து காய்ச்சல் குறைந்ததா என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். சரி, வெளிநாட்டுக்குக் குடி போய்விட்டோம் என்று அடித்துவிட்டார். "ரொம்ப சந்தோஷம் சார்! வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்குத் தனி வகுப்பே இருக்கு. எந்த நாடு?" என்றார்கள். இனி இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று மனைவியின் நம்பரைக் கொடுத்தார்.

மறுநாள் மாலை மனைவி கைப்பையைச் சோபாவில் எறிந்தாள். "போன்ல டியூஷன்காரங்க, எதிர்ல பல்வலிக்காரர். குழம்பிப்போய் அவரை ஏழாம் வகுப்புல சேர்த்துக்கறேன்னு சொல்லிட்டேன். மனுஷன் வலியை மறந்து முறைக்கறார்!"

போன்கள் மறுபடி இவரிடமே வந்தன. ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே அவர் முத்திரை குத்தியதில், கைப்பிடியே இல்லாத இருநூறு குடைகள் லாரி ஏறின.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இருபது வருஷத்துல முதல் தடவையா பாஸ் பண்ணியிருக்கீங்க. அதுவும் இதையா?"

இத்தனை அமளியில் நாள் ஓடிவிட்டது. விடிந்தால் பரீட்சை. மகளைக் கரையேற்றுவதாகச் சொல்லிக்கொண்டு தானே கவிழ்த்துவிட்டோமே என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் யார் போன் செய்தார்களோ, அவர்களிடமே மகளைச் சேர்த்துவிட்டார்.

திரையில் வந்த டீச்சர், போன வாரம்தான் சுவர்க் கடிகாரம் கோணல் என்று அவரால் கழிக்கப்பட்டவர். ரிஜெக்ட் சார் அசடு வழிந்தார்.

"மிஸ், பதினாலு பாடம், ஒரே ராத்திரி. ஏதாவது பண்ணுங்க. உங்க கடிகாரம் எப்படி வேணா இருக்கட்டும்."

"முதல்ல ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுப் பார்க்கறேன் சார்."

முக்கால் மணி நேரம் அவர் பால்கனியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். டீச்சர் கூப்பிட்டதும் ஓடி வந்தார். மகள் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தாள்.

"பதினாலு பாடத்துலேர்ந்தும் கேட்டேன் சார். ஒண்ணுகூடத் தப்பில்லை. நாளைக்கு நிம்மதியா அனுப்புங்க."

ரிஜெக்ட் சாருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "எப்படி மிஸ்? அவளுக்கு யாருமே சொல்லித் தரலையே! வந்த பதினாலு பேரையும் நான் கழிச்சுட்டேனே!"

டீச்சர் சிரித்தார்.

"'டெமோ அன்னிக்கு மட்டும்தான் எந்த டீச்சரும் திட்டமாட்டாங்க, அதனால ஆளுக்கு ஒரு பாடமா கேட்டுக்கறேன், அப்பா உங்களை ரிஜெக்ட் பண்ண ஏதாவது ஒரு குறை மட்டும் சொல்லுங்க மிஸ்'னு உங்க பொண்ணு கெஞ்சினதால, அந்தக் கடிகாரத்தைக் கோணலா திருப்பி வெச்சதே நான்தான் சார்!"