கேப்டனை நான் கொன்ற ஞாயிற்றுக்கிழமை

பயந்தாங்கொள்ளிக்கு எந்தக் கதையையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தெரியாது. நாயகி பிழைப்பாளா என்று கடைசி அத்தியாயத்தில் பார்த்துக்கொண்டுதான் நான் முதல் வரிக்கே வருவேன். (பஸ்ஸில் ஏறும்போதே இறங்கும் படியைத் தேடுகிற ஆள்.)

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர் வட்டத்தில் என்னைச் சேர்த்திருந்தார்கள். அங்கே எல்லோரும் டீச்சர், கோர்ட் குமாஸ்தா என்று படித்தவர்கள். நான் ராஜபாளையத்தில் துணி செக்கிங் வேலை பார்ப்பவன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அவர்கள் காத்திருந்த விண்வெளித் தொடரின் ஐந்தாவது, கடைசி நாவல் வந்ததும், “நிறை குறை நீங்களே பேசுங்க” என்று என்னிடம் தந்துவிட்டார்கள். எனக்கு ஒரே கவலை, என் ஒன்பதாவது வெளியே தெரிந்துவிடக் கூடாது.

“குறைய மட்டும் அடுக்கிட்டு வந்திராதீய. பொறவு அவிய மூஞ்சில முழிக்க ஏலாது” என்றாள் மனைவி.

துணிச் சுருளை வெளி முனையிலிருந்துதான் பிரிப்போம். கடைசியாக நெய்தது முதலில் கண்ணில் படும். தெரிந்த தொழில் அது ஒன்றுதானே? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேச்சையும் அப்படியே பிரித்தேன்.

“கேப்டன் மங்கையைச் சாகடிச்சாங்க பாருங்க, அதுதான் பெரிய நிறை. எல்லாரையும் புதுக் கிரகத்துல இறக்கிட்டு, அவ மட்டும் கப்பல்ல இருந்து ஒவ்வொரு விளக்கா அணைக்கா. அழுதுட்டேன்.”

அறையே உறைந்துவிட்டது. (ரசிக்கிறார்களாம்!) எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

“குறைன்னா, டாக்டரைத் துரோகியாக்கினது. நாலு பாகமா ஊசி போட்ட மனுசன் மூணே பக்கத்துல கெட்டவராயிடுதாரு. எஞ்சினை விளக்க மட்டும் அறுபது பக்கம்! மூணாம் பாகத்துல காணாமப் போன மங்கையோட தங்கச்சி என்ன ஆனான்னு ஒரு வரி கிடையாது.”

ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஜமீலா அக்கா கையை உயர்த்தினார்.

“தம்பி, இதை எங்கள்ல யாரு படிச்சிருக்கான்னு நினைச்சீக?”

“எல்லாரும்தான்... படிச்சவங்களாச்சே.”

“வாங்கினது ஒரே புத்தகம், அது உங்க கையில இருக்கு. அடுத்து என் முறை. அஞ்சு வருசமா அந்தப் புள்ளைய உசுரோட வச்சிருந்தேன், செத்த நேரத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீகளே!”

“தங்கச்சி தப்பிச்சா” என்றார் குமாஸ்தா. “அவ கதை இவருக்கே தெரியலை.”

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். “நான் ஒம்பதாவதுதாங்க படிச்சிருக்கேன்” என்று வந்தது.

“அதுலயும் கடைசிப் பாடத்தைத்தான் மொதல்ல படிச்சீகளோ?” என்றார் ஜமீலா அக்கா. சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

என்னை நீக்கவில்லை. ஆனால் இன்றுவரை எனக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி அத்தியாயத்திலும் அக்கா பன்னிரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் அனுப்புகிறார். அதைக் கழற்ற அவர் கடைக்கே போய், அதுவரை நடந்த கதையை ஒப்பிக்க வேண்டும். நான் ஒப்பிக்கும்போது வளையல் வாங்க வந்தவர்கள் முழிப்பார்கள்.

“கேப்டனைக் கொன்ன தம்பி இவர்தான்” என்பார் அக்கா. “பாத்துப் பேசுங்க, உங்க கதை எப்படி முடியும்னும் சொல்லிருவாப்ல.”