பிளாட்டோவும் நாற்பத்திரண்டும்

அன்புள்ள தம்பி மாரிக்கு,

தோணிரேவிலிருந்து அக்கா செல்வம்மாள் எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்பது போனில் நீ போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. உன் வீட்டுக்காரியும் பேரப்பிள்ளைகளும் அப்படியே இருக்கட்டும். இங்கே நானும் உன் மாமாவும் சுகம். என் வலது கை மட்டும் சுகத்துக்கு இரண்டு படி மேலே. அதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், நீ என்னைப் பேசவிட்டால்தானே!

"அம்பத்தேழு வயசுல நண்டு கட்டினது போதும், எண்ணூருக்கு வந்து எங்கூட இருக்கச் சொல்லு" என்று உன் மாமாவிடம் சொன்னாயாம். அவரும் "அதான் சரி" என்றாராம். இரண்டு பேரும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் வரமாட்டேன். முப்பது வருஷமாக உயிர் நண்டைக் காலால் மிதித்து, கொடுக்கு இரண்டையும் ஒரே கையில் அமுக்கிக் கயிறு போட்டவள் நான். ஆடி மாசம் ஒரே ஒரு நண்டு கட்டு அவிழ்ந்து, எங்கள் நண்டுக் கொட்டகை சூப்பர்வைசர் ராகுலின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. கூடைக்குள் விரலை விடச் சொன்னது நானா? அதோடு விட்டார்களா, கம்பெனியிலிருந்து ஒரு மீட்டரை அனுப்பிவிட்டார்கள். கையால் அமுக்கினால் எண் காட்டுமாம். கொட்டகையில் நண்டைத் தொடுகிற எல்லோரும் தீபாவளிக்குள் நாற்பது கிலோ அமுக்கிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. நான் அமுக்கினேன். முப்பது. ராகுல் அதை நோட்டில் எழுதும்போது சிரித்தான் பார், அந்தச் சிரிப்புக்காகவே நாற்பதைத் தாண்டுவதென்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பழவேற்காட்டில் ஜிம் வைத்திருக்கிறானே பாசித், நம்ம ஜொஹராவின் மகன், அவனிடம் போனேன். ஸ்பிரிங் வைத்த கைப்பிடி ஒன்றைக் கொடுத்தான். அமுக்கினேன், அப்படி அமுக்கினேன். சோறு வேகும்போது, பஸ்சுக்கு நிற்கும்போது, சீரியல் பார்க்கும்போது, ஒரு சாவு வீட்டில்கூட முந்தானைக்குள் வைத்து அமுக்கினேன். இரண்டே மாசத்தில் முப்பத்தாறு வந்தது. அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது. திங்கள் முப்பத்தாறு, வியாழன் முப்பத்தாறு, சாமிக்கு வேண்டிக்கொண்டு அமுக்கினாலும் முப்பத்தாறு!

பாசித் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரிம்மா, நீங்க பிளாட்டோல மாட்டிக்கினீங்க" என்றான்.

"இன்னாடா சொல்ற? பொன்னேரி பக்கம் நாங்க ஒரு சென்ட்டுகூட வாங்கலியே! எந்த பிளாட்டுல மாட்டிக்கினேன்?"

உடன் வந்திருந்த உன் மாமா நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் தனக்குத் தெரியாமல் பத்திரம் ஏதாவது வைத்திருக்கிறேனா என்று பீரோவையே கவிழ்த்துவிட்டார். மறுநாள் பாசித் வந்து, பிளாட்டு வேறு, பிளாட்டோ வேறு, உடம்பு ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் அதே இடத்தில் நின்றுபோவதற்குத்தான் அந்தப் பேர் என்று அவருக்குப் புரியவைத்த பிறகுதான் எனக்கு டீயே கிடைத்தது.

"ஒரு நாளைக்கு எர்நூறு தபா கைய மூடுறீங்க, ஒரு தபாவாவது தொறக்கிறீங்களா? விரல்ல ரப்பர் பேண்ட் மாட்டி விரிச்சுப் பழகுங்க. நடுவுல நாலு நாள் சும்மா இருங்க" என்றான்.

"சும்மா கெடக்குறதுக்கா உங்கிட்ட வந்தேன்?" என்று கேட்டுவிட்டேன்.

ரப்பர் பேண்டை மாட்டி விரித்தேன், அது பறந்துபோய் உன் மாமாவின் மூக்கில் விழுந்தது. சும்மா இருப்பதை மட்டும் கேட்கவில்லை. அரிசி டிரம்மில் கையை விட்டுப் பிசைந்தேன், பாதி அரிசி நொய்யானது. துணியைப் பிழிந்தேன், உன் மாமாவின் கல்யாண வீட்டுச் சட்டை இரண்டாகிவிட்டது. பொன்னேரி பஸ்ஸில் கம்பியைப் பிடித்தவளால் திருப்பாலைவனத்தில் இறங்க முடியவில்லை, விரல் விடவே இல்லை, கண்டக்டர் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு "இன்னாம்மா, கம்பிய வூட்டுக்கு எடுத்துனு போறியா?"ன்னு கேட்கிறான். இவ்வளவு பண்ணியும் முப்பத்தாறுதான்டா மாரி. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, எண்ணூருக்குத்தான் போகவேண்டுமோ என்று அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் ஏரியில் யாரும் இறங்கவில்லை, நண்டும் இல்லை, கரண்டும் இல்லை. கைப்பிடியை எங்கே வைத்தேன் என்றும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் சும்மா கிடந்தேன். ஐந்தாம் நாள் கொட்டகைக்குப் போய் அமுக்கினேன் பார், நாற்பத்திரண்டு! ராகுல் மீட்டரைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அமுக்கச் சொன்னான். மறுபடியும் நாற்பத்திரண்டு. "இன்னா ராகுல், எழுதுப்பா நோட்டுல"ன்னேன். எழுதினான்.

ஆகவே தம்பி, எண்ணூரில் எனக்காகக் காலி செய்த அறையில் நீயே படுத்துக்கொள். நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், யாரையும் வேலையைவிட்டு நிற்கச் சொல்லாமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கை ஓயாத அக்கா,
செல்வம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பாசித் கொட்டகைக்கு வந்து அந்த மீட்டரைப் பார்த்துட்டான். "பெரிம்மா, இது கிலோ இல்ல, பவுண்டு"ன்னான். தங்கம் அளக்கிற பவுனான்னு கேட்டேன். இல்லையாம், வெள்ளைக்காரன் எடையாம், ரெண்டேகால் பவுண்டு சேர்ந்தாதான் ஒரு கிலோவாம். எங்க கொட்டகையில எது தராசுல ஏறினாலும் கிலோதான், எண்ணுக்குப் பக்கத்துல இன்னா எழுத்து இருக்குதுன்னு எவன் பார்த்தான்? என் நாற்பத்திரண்டு வெறும் பத்தொன்பது கிலோவாம்! ராகுல் மீட்டரைக் கிலோவுக்கு மாற்றி, "இப்பப் பாருங்க"ன்னு முதல்ல தானே அமுக்கினான். முப்பத்தொன்று. உத்தரவை இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தான், நண்டைத் தொடுகிற எல்லோரும் என்றுதான் இருந்தது, கூடைக்குள் விரலை விட்ட அவனும் சேர்த்திதான். மீட்டரைத் திரும்பப் பவுண்டுக்கே மாற்றி டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டான். நாளைக் காலையில் ஆறு மணிக்கு எனக்கு வேலை இருக்கிறது.