மழைக்காட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோன கதை

வேலணையில் வளர்ந்தவனுக்குச் சைக்கிள் ஓட்டத்தில் எதிரி ஒன்றுதான்: காற்று. எங்கள் தீவில் உயரமானது கோயில் கோபுரம். அதில் சைக்கிள் ஓட முடியாது. ஆகவே மலைகளை நான் படத்தில் மட்டும் வென்றிருந்தேன்.

கலியாணமாகி ஒரு வருடம் நிறைந்த நேரம் மனைவி சுகந்தி மாத்தறையில் இருந்தாள். வங்கி வேலை அவளை அங்கே அனுப்பியிருந்தது. "நாங்கள் ஒண்டா இருந்து சாப்பிட்ட நாளை விரல்விட்டு எண்ணலாம். கலியாண நாளண்டைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்காவது வந்திடுங்கோ" என்று வாட்ஸ்அப்பில் சொன்னாள்.

பஸ்ஸில் போயிருக்கலாம். புது மாப்பிள்ளை வீரம் விடவில்லை. வெங்காய லொறியில் சைக்கிளோடு இறக்குவானை வரை போய், அங்கிருந்து சூரியகந்தை, தெனியாய வழியாக மழைக்காட்டு மலைகளைக் கடந்து, கடற்கரை வரை தனியாக மிதித்து வருவதாக அறிவித்துவிட்டேன். வரைபடத்தில் பாதை கிட்டத்தான் தெரிந்தது. வரைபடம் தட்டையாக இருந்ததை நான் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் வீட்டுக் கிணறு உவர். குடிக்கும் நல்ல தண்ணீரைச் சாட்டி என்ற இடத்துக் கிணற்றில் அள்ளி, சைக்கிள் கரியரின் இரு பக்கமும் பிளாஸ்டிக் கான் கட்டிக் கொண்டுவருவோம். தூரப் பயணம் என்றதும் கை தன்பாட்டில் கான்களை நிரப்பிக் கட்டிவிட்டது.

இறக்குவானையில் விடியும்போதே மழை. முதல் வளைவு வரை மிதித்தேன். பிறகு தள்ளினேன். ஒரு பக்கம் அருவி, மறுபக்கம் ஓடை, தலைக்கு மேல் மழை, பின்னால் இரண்டு கான் தண்ணீர். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண் ஒருவர், கானில் மண்ணெண்ணெயா என்று கேட்டார். குடிக்கிற தண்ணீர் என்றேன். அருவியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. தனியாகச் சிரிப்பது வீண் என்று நினைத்தாரோ என்னவோ, மேலே நின்ற நாத்தனாரைக் கூப்பிட்டார்.

"ஏ மல்லிகா, இங்கிட்டு வா. இந்த அண்ணே மலைக்குத் தண்ணி கொண்டாந்திருக்காரு."

இருவரும் நியாயமாகத்தான் சொன்னார்கள்: ஊற்றிவிட்டால் சுமை குறையும். மூடியைத் திறந்தும் பார்த்தேன். மனம் வரவில்லை. நல்ல தண்ணீரை நிலத்தில் ஊற்றியவனை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. மூடியைத் திருகிவிட்டுத் தள்ளினேன். (அவர்களுடைய சிரிப்பு அடுத்த வளைவு வரை துணைக்கு வந்தது.)

சூரியகந்தை தாண்டியதும் இறக்கம். எங்கள் ஊரில் மிதிப்பதை விட்டால் சைக்கிள் நிற்கும். மிச்சத்தை எதிர்க்காற்று பார்த்துக்கொள்ளும். பிறேக் ஓர் அலங்காரம். இங்கே நான் மிதிப்பதை விட்டேன், சைக்கிள் ஓடுவதை விடவில்லை. தண்ணீரின் பாரம் வேறு பின்னாலிருந்து தள்ளியது. பாதை திரும்பியது, நான் நேரே போனேன். தேயிலைச் செடிகள் தாங்கிக்கொண்டன. முன்சில்லு எட்டுப்போல வளைந்தது, முழங்கால் உரிந்தது, ஒரு கான் வெடித்தது. சாட்டித் தண்ணீர் மழைத் தண்ணீரோடு ஓடுவதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

கொழுந்து லொறி ஒன்று தெனியாய வரை ஏற்றியது. சைக்கிளைத் திருத்தக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய கானை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மாத்தறைக்குப் போய்ச் சேர்ந்தேன். பொழுது சாய்ந்துவிட்டது.

சுகந்தி சாப்பிடாமல் இருந்தாள். முழங்காலைக் கழுவிவிட்ட பிறகுதான் கானைக் காட்டி, உதென்ன என்றாள். சொன்னேன். வெளியே மழை கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வெட்கம் தாங்காமல், "கொண்டுபோய் ஊத்திவிடுறன்" என்றேன்.

"விசரே உங்களுக்கு? நல்ல தண்ணியை ஆரும் ஊத்துவினமே?"

அவள் புங்குடுதீவுக்காரி; அங்கேயும் கிணறுகள் உவர்தான். கானை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்க் குசினி மூலையில் வைத்தாள். பிறகு ஆறிப்போன மத்தியானச் சோற்றை இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.

அந்தத் தண்ணீரை நாங்கள் குடிக்கவும் இல்லை, ஊற்றவும் இல்லை. அவளுக்கு ஊருக்கு மாற்றம் கிடைத்தபோது கதிரை, அலுமாரியோடு கானும் லொறியில் ஏறி வேலணைக்கு வந்தது. கனடாவிலிருந்து யார் வந்தாலும் மாமியார் அதைக் காட்டாமல் விடுவதில்லை.

"எங்கட மருமோனை விட உந்தக் கான் கெட்டித்தனம். போன இடத்தில ஒரு கீறலும் படாமத் திரும்பி வந்திட்டுது."