சங்கிலித் தொட்டியும் சுரைக்குடுக்கையும்

"ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வாராங்க. அதுக்குள்ள இந்தத் தண்ணிய நிறுத்துங்க" என்றாள் ஆனந்தமேரி.

நாகல் நகரில் அந்தத் தெருவிலேயே சங்கிலி இழுக்கும் கக்கூஸ் சிலுவைமுத்து சார் வீட்டில் மட்டும்தான். கிணறு, கரண்டு மோட்டார், மாடித் தொட்டி எல்லாமே புதுசு. ஆனால் கக்கூஸின் சங்கிலித் தொட்டி நிரம்பி, வழிகுழாய் வழியாகத் தெருவில் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்தால் வீட்டைப் பராமரிக்கத் தெரியாதவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மகனுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

பேகம்பூர் பிளம்பர் சேக் பரீதைக் கூப்பிடலாம் என்று மனைவி சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

"காலமெல்லாம் சயின்ஸ் நடத்துனவனுக்கு ஒரு வாஷர் மாத்தத் தெரியாதா?"

சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போட்டார். சொட்டிய தண்ணீர் ஒழுகத் தொடங்கியது.

மூடியைத் திறந்தார். பித்தளை மிதவைப் பந்தில் ஓட்டை. தண்ணீர் புகுந்து, மிதக்க வேண்டியது மூழ்கிக் கிடந்தது. குற்றவாளி சிக்கிய சந்தோஷத்தில், பந்தைக் கழற்றிவிட்டுப் பரணிலிருந்த சுரைக்குடுக்கையை அதன் கம்பியில் கட்டினார். மகன் கிணற்றில் நீச்சல் பழகியபோது இடுப்பில் கட்டிய குடுக்கை அது.

"ஒரு ஆளையே மெதக்க வச்சது. இந்தக் கம்பி எம்மாத்திரம்?"

குடுக்கை தொட்டிச் சுவரில் சிக்கிக்கொண்டு மேலே வர மறுத்தது. தெருவில் அருவியாய்க் கொட்டியது.

குடை பிடித்த அம்மாள் ஒருத்தி எதிரே நின்று நெடுநேரம் பார்த்தாள். பிறகு அந்த வழிகுழாயடிக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டாள். குடை மறைத்ததில் முகம் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது. ஊரே சிரிக்கிறது என்று கூசிப்போய் சார் ஜன்னலைச் சாத்தினார்.

அந்த ஆத்திரத்தில் வழிகுழாயில் மரக்கட்டையை அடித்து இறுக்கினார். வெளியே போக வழியில்லாத தண்ணீர் கூடத்துக்கு வந்தது. ஆனந்தமேரி அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றினாள்.

ஞாயிறு காலை சார் மாடிக்கு ஏறி, தொட்டியின் வால்வையே திருகி அடைத்தார். திருகிய வேகத்தில் கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது. வந்தால் என்ன, தண்ணீர் நின்றதே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார்.

வந்தவர்களுக்குக் கேசரியும் வடையும் பிடித்திருந்தன. பெண்ணின் அப்பா கல்யாணத் தேதியைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார். சாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு எல்லோரும் கை கழுவ எழுந்தார்கள். பெண்ணின் அத்தை அல்போன்சா முற்றத்துக் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வால்வுதான் என்பது சாருக்கு அப்போதுதான் உறைத்தது.

அல்போன்சா மூலையில் வைத்திருந்த தன் குடையை எடுத்துக்கொண்டு பெண்ணின் அப்பாவைப் பார்த்தாள்.

"கெளம்புங்கண்ணே. வியாழக்கெழம நான் வேவு பாக்க வந்தப்ப இவுக தெருக்குழாய்ல தண்ணி அம்புட்டும் ஊத்திக்கிட்டுக் கெடந்துச்சு. திண்டுக்கல்லுலயும் குடம் தூக்க வேண்டாத வீடு ஒண்ணு இருக்குன்னு, அதை நம்பித்தானே பொண்ணு குடுக்கலாம்னு சொன்னேன்."