கண்டிஷன் அண்ணனும் எங்கள் பழனிப் பயணமும்

அன்று வெள்ளவத்தையில் அந்தப் பயண முகவர் கடையின் மேசைக்கு முன் இருந்தவர்கள் மூவர்: நான், அம்மா, தங்கை. வராதவர் பெரியப்பா. "கடல் தாண்டுற வயசா எனக்கு? கோழிக்கு யாரு தீனி போடுறது?" என்று கொட்டாஞ்சேனை வீட்டிலேயே நின்றுவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்டிஷன் அண்ணன். அடுத்தவர் வீட்டுச் சாவை இவ்வளவு மரியாதையாக விசாரிக்கக்கூடிய மனிதர் கொழும்பிலேயே அவர் ஒருவர்தான்.

டிக்கெட் விற்பதுதான் அவர் வேலை. ஆனால் பயணம் நின்றால் காசு திருப்பித் தரும் காப்புறுதியின் கண்டிஷன்களைச் சொல்லிக் காட்டாமல் ஒருவரையும் எழும்ப விடமாட்டார். எங்களுக்கு முன் ஒரு ஜோடி, சிங்கப்பூர்த் தேனிலவுக்கு. கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதம். பெண்ணின் தகப்பனும் கூட.

"கலியாணம் குழம்பினா காசு வராது."

தகப்பன் எழுந்தே விட்டார்.

"மாப்பிள்ளைக்குக் கால் முறிஞ்சா வரும். டாக்டர்ட துண்டு வேணும்."

மாப்பிள்ளை குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

பிறகு எங்கள் முறை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவனே நான்தான். நான் பட்டம் எடுத்தால் பழனியில் எனக்கு மொட்டை போடுவதாக அம்மாவுக்கு வேண்டுதல். மூன்று வருடம் இடியப்பம் அவித்து விற்றுச் சேர்த்த இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தை மேசையில் வைத்தாள். காப்புறுதிப் பத்திரம் ஆங்கிலத்தில் பதினெட்டுப் பக்கம். "நீ வாசிச்சுச் சொல்லு" என்றாள். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். புரட்டிவிட்டு, "எல்லாம் சரிம்மா" என்றேன்.

"நீர் வாசிக்கேல்லை. பக்கம் புரட்டின வேகத்தைப் பாத்தனான்" என்றார் கண்டிஷன் அண்ணன். பிறகு அம்மாவிடம், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்கும் குரலில், "அம்மா, போறதுக்கு முதல் உங்கட வீட்டில ஆர் சாகக்கூடும்?"

தங்கையின் கையிலிருந்த பாஸ்போர்ட்டுகள் கீழே விழுந்தன.

"வாயக் கழுவுங்க ஐயா! நல்ல காரியத்துக்குப் போறோம்!"

"தாய், தகப்பன், புருசன், பெண்சாதி, பிள்ளை, சகோதரம். இவையள் செத்தா முழுக்காசும் வரும். வேற ஆர் இருக்கினம்?"

"எம் புருசன் எப்பவோ போயிட்டாரு. அவரோட அண்ணன் இருக்காரு. அவருதான் துறைமுகத்துல மூட்டை தூக்கி இவனப் படிக்க வச்சாரு."

"பெரியப்பா லிஸ்டில இல்லை. அவர் செத்தா நீங்கள் அழலாம், காசு வராது."

அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அவரோ நிறுத்தவில்லை. "ஆனா 'எந்தக் காரணமெண்டாலும்' எண்டு இன்னொண்டு இருக்கு. பதினாலாயிரம் கூட. பறக்கிறதுக்கு நாற்பத்தெட்டு மணித்தியாலம் முந்திக் கென்சல் பண்ணினா முக்கால்வாசி திரும்பும்."

அநாவசியம் என்றேன் நான், பட்டதாரி. அம்மா கைச்செலவுக்கென்று சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தாள். "குடுத்துத் தொலைடா. இந்த ஆளோட வாய மூடணும்."

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு விமானம். திங்கட்கிழமை பெரியப்பா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்தார். அவ்வளவுதான். சாவு விழுந்த வீட்டார் ஒரு வருடத்துக்கு மலைக்கோயில் ஏறக்கூடாது. தங்கை பயணக் கடைக்குப் போன் எடுத்து, "பெரியப்பா போயிட்டாரு, பயணம் இல்ல" என்று அழுதபடியே வைத்துவிட்டாள். காப்புறுதி எங்கள் ஒருவர் நினைவிலும் இல்லை.

செவ்வாய் காலை பத்து இருபதுக்கு முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார் கண்டிஷன் அண்ணன். கையில் மாலை இல்லை, ஃபைல். நேரே உள்ளே வந்து, பெரியப்பாவைப் பார்த்து, "இவர்தானே லிஸ்டில இல்லாதவர்?" என்றார்.

ஒப்பாரி நின்றது. பெரியப்பாவோடு மூட்டை தூக்கியவர் ஒருவர் சட்டைக்கையை மடித்தார். "யார்றா இவன்?"

"அம்மா, கென்சல் பண்ணுறதுக்குப் பதினொரு மணிக்கு முதல் கையெழுத்து வேணும். அழுறதுக்கு முப்பத்தொரு நாள் இருக்கு. இதுக்கு நாற்பது நிமிசம்தான்."

அம்மா அழுதுகொண்டே கையெழுத்து வைத்தாள். 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பத் தேவையே இல்லை. எந்தக் காரணமென்றாலும் என்றுதானே காசு கட்டியிருந்தோம். ஆனால் ஒரு கட்டத்தை வெறுமையாக விட அந்த மனிதரால் முடியாது. பெரியப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதினார். அதையாவது நான் ஒழுங்காக வாசித்தேன்: 'பிள்ளைகளின் தகப்பன் காலமானார்.'

பத்து ஐம்பத்திரண்டுக்குப் படம் பிடித்துத் தொலைபேசியில் காப்புறுதிக் கம்பனிக்கு அனுப்பினார். சவம் எடுக்கும்வரை நின்றார். போகும்போது மெதுவாக, "கோழிக்கு ஆரும் தீனி போட்டவையோ?" என்று கேட்டார். யாரும் போடவில்லை. போட்டுவிட்டுப் போனார்.

முக்கால்வாசிக் காசு வந்தது. கணக்குப்படி எங்களுக்குப் போனது எண்பத்து நாலாயிரம் ரூபாய். அவர் வாயை மூடக் கொடுத்த பதினாலாயிரத்தை அம்மா செலவில் சேர்க்கமாட்டாள். அவளைக் கேட்டால் எழுபதாயிரம்தான்.