சளி என்ற சொல்லை விட்டதால் வந்த வினை

அன்புள்ள அருள்ராஜ் மச்சானுக்கு,

பொன்மலையிலிருந்து சவரிராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் எனக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. மானமும் சேர்ந்து இறங்கிவிட்டது. உறையூரில் தாங்களும், எட்டு நாளாகத் தங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட என் மனைவி பெலிண்டாவும் சுகமென நம்புகிறேன்.

என் தரப்பையும் கேட்கவும். விடாத இருமலுக்குச் சளியைச் சோதித்தார்கள். இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் உருண்டைக் கிருமிகள், டிப்ளோகாக்கஸ் என்று ரிப்போர்ட் வந்தது. நிமோனியா, பத்து நாள் மாத்திரை என்றார் டாக்டர். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவிலுள்ள குடும்பங்களெல்லாம் கூடி ஜெபிக்கும் முறை. வேண்டுதலைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். ரயில்வே ஸ்டோரில் முப்பத்தைந்து வருடம் போல்ட்டுக்குக்கூட முழுப்பெயர் எழுதியவன், கடவுளுக்கு மொட்டையாக ‘உடம்பு சரியில்லை’ என்று எழுதுவேனா? ‘சவரிராஜுக்கு டிப்ளோகாக்கஸ் நீங்க’ என்று எழுதினேன். மாதா சுரூபத்தின் முன் வாசிப்பதாயிற்றே, அநாகரிகமாக இருக்கும் என்று சளியை மட்டும் விட்டுவிட்டேன். கூட்டத்துக்கு வந்திருந்த செசிலி டீச்சர் சும்மா இராமல் அந்தப் பெயரை செல்போனில் தேடினார். ஜோடியாக வாழும் கிருமிகளில் மானங்கெட்ட இனம் ஒன்றும் உண்டாம், போகக்கூடாத இடத்துக்குப் போய்வந்தவர்களுக்கு வருவதாம். போனில் முதலில் வந்து நின்றது அதுதான். போன் கைமாறிக் கைமாறிப் போனது. “மனந்திரும்புறவங்கள ஆண்டவர் கைவிடமாட்டாருங்கண்ணே” என்று டீச்சர் சொல்ல, எனக்காகப் பாவமன்னிப்பு ஜெபம் கால்மணி நேரம் நடந்தது. விஷயம் தெரியாத நான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

விடிந்ததும் பெலிண்டா பெட்டியோடு கிளம்பினாள். “எழுபது வயசுல எங்க போயிட்டு வந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள். மச்சான், நான் கடைசியாகப் போனது பென்ஷனர் சங்கத்தோடு முக்கொம்பு அணைக்குச் சுற்றுலா. அதுவும் வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து. ரிப்போர்ட் நகல் இணைத்திருக்கிறேன், சளி என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன். அதைக் காட்டி அவளை உடனே அனுப்பிவைக்கவும். அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

தங்கள் வீட்டாருக்கு வணக்கமும், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீரும்.

இப்படிக்கு,
வெறும் நிமோனியாக்காரன்
சவரிராஜ்

பி.கு.: உறையை ஒட்டும்போது பெலிண்டா போன் செய்தாள். “இன்னையோட மாத்திரை முடியுது, போட்டீங்களா?” உனக்கு எப்படித் தெரியும் என்றேன். “டாக்டர் சொல்றப்ப பக்கத்துல நான்தானே இருந்தேன்? காய்ச்சல்ல அதையும் மறந்துட்டீங்களா? நிமோனியான்னு தெரியாதா எனக்கு? நாப்பத்தஞ்சு வருஷமா அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு கேட்டா, நாலு நாள் சேர்ந்தாப்புல விட்டிருக்கீங்களா? கோவிச்சுக்கிட்டுப் போனாத்தான் உங்களால தடுக்க முடியல.” மச்சான், அவள் சொன்னதில் பொய்யில்லை. ஆகவே அவளை அனுப்ப வேண்டாம். இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்.