வேலிப் பூவைத் தொட்டவன்

வேலியில் மூன்று காய் பிடித்திருந்தது. அதுதான் நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

விதைக்காகக் காட்டுக்குள் நட்டுக் கம்பியில் ஏற்றிவிட்ட, செங்காந்தள் என்கிற கண்வலிக்கொடியில் காய் பிடித்தால் அது முறை. விடிந்ததும் கூலிக்கு வருகிற பழனாத்தாள் முகத்தில் மஞ்சள் மினுங்கக் குளித்துவிட்டு வந்து, இந்தப் பூவின் தூளை விரலில் எடுத்து அந்தப் பூவின் நுனியில் ஒற்றிக்கொண்டே போவாள். அப்படித் தொட்டால்தான் காய், இல்லாவிட்டால் பூ வாடி உதிரும். மூலனூர்ப் பக்கத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் கிளுவை வேலியில் படர்ந்து கிடப்பது யாரும் நடாமல் தானாக முளைத்த கண்வலிக்கொடி. அதைத் தொடச் சொல்லி யாருக்கும் கூலி கொடுக்கவில்லை. பிறகு எப்படிக் காய் பிடிக்கும்?

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பன் மகன் அவினாசியப்பனின் காடு. அவர் மேல் நாச்சிமுத்துவுக்கு ஏற்கெனவே ஒரு கண். வேலிப் பூவிலிருந்து தூளைத் திருடித் தன் பூவுக்கு வைக்கிறார் என்று சந்தேகப்பட்டு, பத்து நாளாகத் தினமும் காலையில் ஒவ்வொரு பூவாக இழுத்துப் பிடித்துச் சோதித்து வந்தார். கண்ணாடி போட்டால் கிழவன் என்பார்கள் என்று போடுவதில்லை. அதனால் பூவுக்குள் முகத்தையே விட்டுத்தான் பார்க்க வேண்டும். தூள் திருட்டைக் கண்டுபிடிக்கப் போன இடத்தில் காயே பிடித்திருந்தால் மனுசனுக்கு எப்படி இருக்கும்?

"மயிலா, கதை பெருசு," என்றார் வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டியிடம். "வேலிக்கொடியில தொட்டவனுக்குத்தான் காயின்னு ஊர் நாயம். இன்னைக்குக் காயைப் பறிப்பான். நாளைக்கு வேலியே எனக்கும்பான். அப்புறம் காட்டுக்குள்ள ஏரை உடுவான்."

"மூணு காய்க்கு இத்தனை ரோசனையா?"

"மூணு காயில்ல. நாலடி நெலம்."

மயிலாத்தாள் கிட்டே வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "அதென்னங்க மீசையில மஞ்சளு?"

"சாம்பாரா இருக்கும்."

"நான் இன்னும் சோறே போடலையே."

நாச்சிமுத்து துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சீமாறு மாதிரி மீசை. எது ஒட்டினாலும் லேசில் போகாது.

மறுநாள் வேலியோரம் நெடுக அடுப்புச் சாம்பலைத் தூவினார். திருடன் கால் வைத்தால் தடம் பதியும் அல்லவா? பதிந்திருந்தது. எல்லாம் அவர் செருப்புத் தடம்தான்.

"பாத்தியா அவினாசியோட கெட்டிக்காரத்தனத்த? என்ற செருப்பு அளவுக்கே ஒரு சோடி வாங்கி வெச்சிருக்கான்."

"அவியளுக்குக் கால் ஆனைக்கால் மாதிரிங்க. உங்க செருப்புல பெருவெரல்கூட நொழையாது," என்றாள் மயிலாத்தாள்.

"அப்ப வெறும் செருப்பக் கையில வெச்சு அழுத்தியிருக்கான்."

காய் ஒன்பதானது. காலையில் மட்டும் பார்த்தால் போதாது என்று சாயங்காலமும் போய் ஒரு பூ விடாமல் சோதித்தார். அடுத்த வாரம் காய் இருபதைத் தாண்டிவிட்டது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. தனக்கு ஒரு காயும் வேண்டாம், ஆனால் அவினாசியப்பன் கை தன் வேலியில் விளையாடுவதை எண்ணினால் நெஞ்சு எரிந்தது.

கடைசியில் ஒரு பொறி வைத்தார். மச்சினன் வீட்டுச் சீருக்கு மயிலாத்தாளோடு காங்கயம் கிளம்பினார். போகும்போது அவினாசியப்பன் காதில் விழும்படி, "வர ரெண்டு நாளாகும்," என்று இரண்டு முறை சொன்னார். வேலியைப் பார்த்துக்கொள்ளும்படி பழனாத்தாளிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தால் அவள் கையை விரித்தாள். "ஒரு ஈ காக்கா வரலீங். அந்த ரெண்டு நாள்ல விரிஞ்ச பூ ஒண்ணுகூடக் காயாகல. அப்படியே வாடிப்போச்சு."

"பாத்தியா, நான் ஊர்ல இருந்தாத்தான் தொடறான். என்னையச் சீண்டோணும்னே பண்றான்."

இந்த நியாயம் மயிலாத்தாளுக்கு ஏறவில்லை. அவளுக்கு வேறொரு கணக்குத் தெளிவாகிவிட்டது. மறுநாள் காலையில் அவர் வேலியிலிருந்து திரும்பியபோது பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்கண்ணன் ஊட்டுக்கு. அங்க இருந்த ரெண்டு நாளும் உங்க மீசை சுத்தமா இருந்துச்சு. வந்து ஒரு ராத்திரி போகல, மறுக்காவும் மஞ்சளு. விடிஞ்சும் விடியாம மஞ்சப் பூசிக் குளிச்சுட்டு நம்ம காட்டுக்கு வர்றவ ஆரு? வேலிக்குக் காவலு, பூவுக்குக் காவலுன்னு நீங்க ஓடுறது இப்பத்தான் புரியுது."

முப்பது வருசம் கூட இருந்தவள் இப்படி ஒரு பேச்சுப் பேசுவாள் என்று நாச்சிமுத்து நினைக்கவில்லை. "என்ற குலசாமி மேல சத்தியமா இல்ல. வா, இப்பவே வேலிக்கு வா. திருடன் ஆருன்னு காட்டறேன்."

பையோடுதான் வந்தாள், மூஞ்சி மஞ்சள் மீசைக்கு எப்படி வந்தது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே. இருவரும் போட்ட சத்தத்தில் எல்லாம் காதில் விழ, பழனாத்தாளும் வேலையை விட்டுவிட்டு வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவினாசியப்பன் வந்து நின்றார்.

"ஏன்ணா, என்ற பூவ எதுக்குத் தொடறீங்க?"

"என்ற பூவத் தொடவே ஆள் கெடைக்காம நான் சாகறேன். இதுல உன்றதுக்குச் சும்மா வந்து தொடறனா?" அவினாசியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். "சரி தம்பி, அளந்தே போடலாம். நாளைக்கே சர்வேயரக் கூட்டியாறேன். உங்கப்பன் காலத்துல இந்த வேலி ரெண்டடி எங்க பக்கம் நகந்துச்சுன்னு எங்கம்மா சொல்லும்."

அந்தக் கதை நாச்சிமுத்துவுக்கும் தெரியும், அப்பன் வாயாலேயே கேட்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோமே என்றிருந்தது. வேலியும் போகப்போகிறது, பெண்டாட்டியும் போகப்போகிறாள்.

"அளக்கறது பொறவு அளக்கலாம்ணா," என்று குரலை இறக்கினார். "மொதல்ல சாட்சியப் பாருங்க. இந்தப் பூவுல நேத்து முழுசாத் தூள் இருந்துச்சு." பூவை இழுத்து முகத்தோடு ஒட்டிப் பார்த்தார். "இப்பக் கொஞ்சம் கொறையுது. இதுல பாருங்க." அடுத்த பூவுக்குள் முகத்தை விட்டார். "இந்த நுனியில புதுசா ஒட்டியிருக்குது. இதுலயும் இருக்குது. இப்பத்தான் ஆரோ தொட்டிருக்கோணும், ஈரங்கூடக் காயல."

மூன்றாவது பூவிலிருந்து அவர் முகத்தை எடுத்தபோது மீசையில் மஞ்சள் தூள் அப்பியிருந்தது. அவினாசியப்பன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மயிலாத்தாள் கையிலிருந்த பை மெல்லக் கீழே இறங்கியது.

பழனாத்தாள்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அக்கா, அந்த மஞ்சள் என்ற மூஞ்சியோடது இல்லீங். நான் வெரல்ல பண்ற வேலைய உங்கூட்டுக்காரரு மூணு வாரமா மீசையில பண்ணிட்டிருக்காருங்."